“அம்மா” என்று சொல்லிவிட்டான், ரியூபைக் கழற்றலாமா?

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு மூன்று வயது. 29 வாரத்தில் பிறந்த பிள்ளை. பல வாரங்கள் வாய்வழியே குழாய் போட்டு மெசினில் வைத்திருந்ததில், குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே மூச்சுவழியில் தழும்பு விழுந்து வழி சுருங்கிவிட்டது. ஐந்தாம் மாதத்தில் கழுத்தில் துளையிட்டு ரியூப் வைத்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன் கொழும்பில், விலா எலும்பின் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்துச் சுருங்கிய இடத்தில் வைத்து விரித்துத் தைத்தார்கள். உள்ளே தாங்கலாக வைத்த ஸ்ரென்டை நாலு வாரத்தில் எடுத்தாயிற்று. கழுத்து ரியூப் மட்டும் இன்னும் இருக்கிறது. அடுத்த ஸ்கோப், அதாவது கமராக் குழாயால் மூச்சுவழியின் உள்ளே பார்ப்பது, வருகிற மாதக் கடைசியில்.

இரண்டு கிழமையாகச் சக்சன் எடுக்கும்போது (மெசினால் சளியை உறிஞ்சும்போது) சளியில் சிவப்புக் கோடு தெரிகிறதாம். மூச்சில் விசில் போல ஒரு சத்தம். ஒரு நாள் இரவு கரண்ட் நின்ற நேரம் பார்த்து ரியூப் அடைத்து, பிள்ளை வியர்த்து முகம் கறுத்துப்போக, தாய் தானே அடைத்த ரியூபைக் கழற்றி மாற்று ரியூபைப் போட்டிருக்கிறார். “டொக்டர்மார் வைச்சதை நீ ஏன் பிடுங்கினாய்” என்று மாமியார் இன்னும் ஏசுகிறார். இதற்கிடையில் கணவர் ரியூபின் வாயை விரலால் மூடிப் பார்க்க, பிள்ளை முதன்முதலாக “அம்மா” என்று சொல்லியிருக்கிறான். தொண்டை திறந்துவிட்டது, ரியூபைக் கழற்றச் சொல்லுவோம் என்று அன்றிலிருந்து கணவர் நிற்கிறார். கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய ஒட்சிசன் மீற்றர் 97 காட்டுகிறது. ஒரே ஒப்பரேசனில் ரியூப் இல்லாமல் முடிக்கவேண்டியதை இங்கே பிழையாக்கிவிட்டார்கள், இந்தியாவுக்குக் கொண்டுபோங்கள் என்பது சித்தப்பாவின் கட்சி. தாயின் கேள்விகள் இரண்டு: சத்திர சிகிச்சை தோற்றுவிட்டதா? வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதாக நேர்த்தி வைத்திருக்கிறேன், போகலாமா?

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கோடு, புதிதாக வந்த சத்தம், ஒரு தடவை அடைப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வந்திருப்பதால் அடுத்த மாதக் கடைசி வரை பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியுடன் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பிள்ளையைக் காட்டுங்கள். கொழும்பில் ஒப்பரேசன் செய்த குழுவுடன் பேசி ஸ்கோப்பை முன்னுக்கு எடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளை சாப்பிடுகிறான், விளையாடுகிறான் என்று எழுதியிருப்பதால்தான் “இந்தக் கிழமை” என்கிறேன். அது மாறினால் இந்த மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தோற்றுவிட்டதா என்ற கேள்விக்கு: இல்லை, இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இந்தச் சத்திர சிகிச்சை தியேட்டரில் முடிந்துவிடுகிற ஒன்றல்ல. வைத்த குருத்தெலும்பு ஒட்டி, அதன்மேல் புதுத் தோல் மூடி, தழும்பு அடங்க மாதங்கள் எடுக்கும். அதற்குள் சதை வளர்வதும், வழி திரும்பச் சற்றுச் சுருங்குவதும், பலூன் விட்டு விரிக்க நேர்வதும், சில பிள்ளைகளுக்கு இன்னொரு ஒப்பரேசன் தேவைப்படுவதும் இந்த வேலையின் பகுதிதான். ரியூபை விட்டுவைத்திருப்பதும் அதற்காகவே. மேலே என்ன நடந்தாலும் கீழே பிள்ளை மூச்சு விட ஒரு வழி இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. பிழை நடந்ததற்கு அடையாளமல்ல.

குரல் வேறு, மூச்சு வேறு

உங்கள் கணவரின் சந்தோசம் எனக்கு விளங்குகிறது. மூன்று வருடம் சத்தமில்லாமல் அழுத பிள்ளை. ஆனால் அந்த “அம்மா”வை வைத்து அவர் எடுத்த முடிவு ஆபத்தானது. நாதஸ்வரச் சீவாளியின் நூல் போன்ற இடைவெளியால் போகும் காற்று மேற்கு வீதி முழுக்கக் கேட்கும். அதன் வழியாக ஒருவர் மூச்சு விட்டு வாழ முடியுமா? குரல் நாண் அதிரக் கொஞ்சக் காற்றுப் போதும். ஓடவும், காய்ச்சல் நேரத்தில் இளைக்கவும், நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து கிடக்கும்போது சமாளிக்கவும் அது போதாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூச்சுவழி 4 மில்லிமீற்றர் விட்டம் என்று வைப்போம். தடிமன் பிடித்துச் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால் விட்டம் 2 ஆகிறது. பாதிதானே என்று தோன்றும். காற்றுப் போகும் பரப்பில் முக்கால்வாசி போய்விட்டது, காற்பங்குதான் மிச்சம். பெரியவர்களின் 8 மில்லிமீற்றர் வழியில் அதே வீக்கம் வந்தால் பாதிக்கு மேல் மிஞ்சும். நமக்குத் தும்மலோடு போகிற தடிமன் இந்தப் பிள்ளையை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பக்கூடியது ஏன் என்பதற்கு இதுதான் விடை.

ரியூபைக் கழற்றும் முறை படிப்படியானது. முதலில் மயக்கம் கொடுத்து ஸ்கோப்பில் வழியைப் பார்ப்பார்கள். திருப்தியென்றால் ரியூபைச் சிறிய அளவுக்கு மாற்றுவார்கள். பிறகு வார்ட்டில் வைத்து, தாதியர் பக்கத்தில் நிற்க மூடி போடுவார்கள், பகலில் ஆரம்பித்து இரவு நித்திரைவரை. அதையும் தாங்கினால்தான் கழற்றுவார்கள். கழற்றிய பின்னும் வார்ட்டில் மறித்து வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் விரலால் மூடுவது இதில் எந்தப் படியும் அல்ல. மேலே எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாமல் மூடினால் இழுத்த காற்று வெளியே வர வழியில்லாமல் நெஞ்சுக்குள் அடைபட்டுப்போகலாம். தயவுசெய்து இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குரல் கேட்க ஆசையென்றால், பேசுவதற்கென்றே உள்ள வால்வு இருக்கிறது. மேல்வழி போதிய அளவு திறந்திருக்கிறது என்று ஸ்கோப் சொன்னபிறகு அதைக் கேட்டு வாங்கலாம்.

மீற்றரில் தெரியும் 97ஐயும் இதே கண்ணால் பாருங்கள். வழி சுருங்கும்போது பிள்ளை கூடுதலாக உழைத்து மூச்சிழுத்து அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கும். எண் இறங்கும்போது பிள்ளை களைத்துவிட்டது என்று பொருள். ஆகவே மீற்றரைப் பார்க்கு முன் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்ளே இழுபடுகிறதா, மூக்கு விரிகிறதா, சாப்பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறானா, காரணமில்லாமல் அந்தரப்படுகிறானா? அந்தரப்பட்ட பிள்ளை திடீரென்று சோர்ந்து அமைதியானால் அது நல்லதல்ல, மிகக் கெட்டது.

சளியில் சிவப்புக் கோடு

“இருமல் வரும் வரை கதீற்றரை உள்ளே விட்டு உறிஞ்சுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இருமல் வருவது கதீற்றர், அதாவது சளி உறிஞ்சும் மெல்லிய குழாய், ரியூபைத் தாண்டிப்போய் மூச்சுக்குழாயின் சுவரில் இடிப்பதால். இடித்த இடம் புண்ணாகும். புண்ணில் சதை வளரும். வளர்ந்த சதை ரியூப் நுனியை மறைக்கும். விசில் சத்தம் அப்படி வந்ததாகவும் இருக்கலாம். உங்களுக்கு இதை ஒருவரும் அளந்து காட்டவில்லைப் போலும். எங்கள் வார்ட்டுகளில் வீட்டுக்கு விடும் அவசரத்தில் விட்டுப்போகிற பாடம் இது, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

வீட்டில் இருக்கும் மாற்று ரியூபை எடுங்கள். கதீற்றரை அதற்குள் விட்டு, நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் பிடித்து அளவைக் குறியுங்கள். அதற்கு மேல் போகவேண்டாம். ரியூபின் உள்விட்டம் 4.0 என்றால் கதீற்றர் 8ஆம் இலக்கம். ரியூபின் எண்ணை இரண்டால் பெருக்கினால் வரும். மெசினின் இழுவை 80இலிருந்து 100 mmHgக்குள் நிற்கட்டும். உள்ளே போய் வெளியே வர ஐந்து செக்கனுக்கும் பத்துச் செக்கனுக்கும் இடையில் முடியவேண்டும். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று நேரம் வைத்து எடுக்காதீர்கள், சளிச் சத்தம் கேட்டால் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் சேலைன் ஊற்றும் பழக்கமும் வேண்டாம்.

காய்ந்த சளியும் இரத்தம் வரச் செய்யும். மூக்கு செய்யும் வேலை, அதாவது காற்றை ஈரமாக்கி வடிகட்டுவது, ரியூப் உள்ள பிள்ளைக்கு நடப்பதில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் சளி பொருக்காகி ரியூபுக்குள் ஒட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ரியூபின் வாயில் மாட்டும் ஈரம் காக்கும் சிறிய பில்டர் கிளினிக்கில் தந்திருந்தால் அதை மாட்டுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். தேவைப்பட்டால் நெபுலைசரில் வெறும் சேலைன் கொடுக்கச் சொல்வார்கள். கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், சுட்டுப்போகும்.

இளஞ்சிவப்புச் சளியோ நூல் போன்ற கோடோ என்றால் இந்தக் கிழமை காட்டினால் போதும். பச்சை மஞ்சளாக மாறி மணத்தால், காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே காட்டுங்கள். கோடாக இல்லாமல் புது இரத்தமாகவே வந்தால், அது தானாக நின்றாலும், வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுக்குழாயின் முன்னால் பெரிய இரத்தக்குழாய் ஒன்று குறுக்கே போகிறது. ரியூப் அதை அரிப்பது மிக அரிது. ஆனால் அரித்தால் முதலில் சிறிதாக வந்து நின்று, பிறகு பெருக்கெடுக்கும்.

துளையைச் சுற்றி வெளியே தெரியும் சிவப்புச் சதைக்குக் கிளினிக்கில் வெள்ளி நைத்திரேற்றுக் குச்சி வைப்பார்கள். உள்ளே வளர்ந்ததை ஸ்கோப் வழியாக எடுப்பார்கள். வீட்டில் மஞ்சளோ எண்ணெயோ பூசாதீர்கள்.

அடைத்த இரவில் நீங்கள் செய்தது

சரியானது. மாமியாரிடம் இந்தப் பக்கத்தையே வாசித்துக் காட்டுங்கள். அடைத்த ரியூபைக் கழற்றாமல் அம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. நீங்கள் அன்று அந்தரத்தில் செய்ததை இனி ஒழுங்காகச் செய்வதற்கு:

முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிள்ளையை மல்லாக்காகக் கிடத்தி, தோளுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வையுங்கள், கழுத்து நிமிரும். சக்சன் போடுங்கள். கதீற்றர் போகவில்லை, அல்லது போயும் மூச்சு வரவில்லை என்றால், நாடாவை வெட்டி ரியூபைக் கழற்றி அதே அளவு மாற்று ரியூபைப் போடுங்கள். உள்ளே இருக்கும் வழிகாட்டியை உடனே உருவுங்கள், அது நின்றால் காற்றுப் போகாது. போகவில்லையா, அரை அளவு சிறியது. இழுபறிப்பட்டுத் தள்ளவேண்டாம், தவறான பாதை உண்டாகிவிடும்.

அதுவும் போகாமல் பிள்ளை மூச்சு விடுவதையே நிறுத்தினால், பிள்ளையின் வாயையும் மூக்கையும் கையால் பொத்திக்கொண்டு, கழுத்துத் துளையின்மேல் உங்கள் வாயை வைத்து நெஞ்சு உயரும் அளவுக்கு ஐந்து மூச்சு ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். சாதாரணப் பிள்ளைக்கு வாய்வழி ஊதலாம். உங்கள் மகனுக்கு மேல்வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாதபடியால் கழுத்தை முதலில் நம்புங்கள். இதை எழுத்தில் படித்து மட்டும் வைத்திராமல் வார்ட்டில் பொம்மையில் செய்து பழகக் கேளுங்கள்.

நீங்கள் கூப்பிட்டு வந்தவர் 1990ஐ அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததிலிருந்து இலவசமாக ஓடுகிறது. அழைக்கும்போதே “கழுத்தில் ரியூப் உள்ள பிள்ளை, ரியூப் அடைத்துவிட்டது” என்று சொல்லவேண்டும். வருகிறவர்கள் பழக்கத்தில் ஒட்சிசன் மாஸ்க்கை முகத்தில் மட்டும் வைப்பார்கள். கழுத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ரியூபின் அளவு, ஒப்பரேசன் திகதி, “ஒட்சிசன் கழுத்தில் கொடுக்கவும்” என்ற வரி, இந்த மூன்றையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு மட்டையில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். அவசரத்துக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட என்றால் அங்கே போகலாம், யாழ்ப்பாணம்தான் போகவேண்டும் என்று வழியில் நேரத்தை விடாதீர்கள்.

பெட்டி என்றது, பிள்ளை போகும் இடமெல்லாம், கிணற்றடிக்குக்கூட, கூடப் போகவேண்டிய பெட்டி. அதே அளவு ரியூப் ஒன்று, சிறியது ஒன்று, கதீற்றர்கள், கத்தரிக்கோல், நாடா, நீரில் கரையும் ஜெல், சேலைன், துவாய், டோர்ச். வஸலின் வேண்டாம். கையால் அமுக்கிக் காற்று ஊதும் அம்பு பை தந்திருந்தால் அதுவும். கரண்ட் பிரச்சினைக்கு பற்றரியில் ஓடும் சக்சன் மெசின் நல்லது; விலை தாங்காதென்றால் காலால் மிதிக்கும் பம்ப் கேளுங்கள். கனடாச் சித்தப்பா உதவ விரும்பினால், மீற்றரைவிட இது உதவி.

சித்தப்பாவின் கேள்வி

அவர் சொல்வதில் பாதி உண்மை. ஒரே தடவையில் விரித்துத் தைத்து, கழுத்து ரியூபையும் எடுத்துவிடும் முறை இருக்கிறது. அப்படிச் செய்யப்பட்ட பிள்ளை ஏறத்தாழ ஒரு கிழமை மூக்குவழிக் குழாயுடன் ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் கிடக்கவேண்டும். நல்ல நுரையீரலும், சுருக்கம் அவ்வளவு மோசமில்லாததும் அதற்கு வாய்ப்பு. 29 வாரத்தில் பிறந்து பல வாரம் மெசினில் இருந்த பிள்ளைக்கு இரண்டு கட்டமாகச் செய்வதை வெளிநாட்டுச் சத்திர சிகிச்சை நிபுணர்களும் தெரிவு செய்வதுண்டு. நாடு சார்ந்த வித்தியாசம் அல்ல, பிள்ளை சார்ந்த வித்தியாசம்.

இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை, ஒரு நல்ல வைத்தியரும் அதற்குக் கோபிக்கமாட்டார். ஒப்பரேசன் குறிப்பின் சுருக்கம், ஸ்கோப் படங்கள், சுருக்கம் எத்தனையாம் தரம் என்ற விபரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இந்தச் சுருக்கத்தை 1 தொடக்கம் 4 வரை தரம் பிரிப்பார்கள். 70 வீதத்துக்கு மேல் அடைத்தால் 3, வழியே இல்லையென்றால் 4. அந்தத் தாள்களைச் சித்தப்பா அங்குள்ள ஒரு பிள்ளை மூச்சுவழி நிபுணரிடம் காட்டட்டும். ஆனால் இப்போது, சதை வளர்ந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், இரத்தம் வரும் பிள்ளையைப் பிளேனில் ஏற்றாதீர்கள். முதலில் ஸ்கோப்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது: பிள்ளைக்குச் சாப்பாடு எதுக்களிக்கிறதா? வயிற்று அமிலம் மேலே வந்து தைத்த இடத்தில் படுவது தழும்பை மோசமாக்கும். அதற்கு மருந்து தந்திருந்தால், பிள்ளை நல்லாயிருக்கிறான் என்று நிறுத்தவேண்டாம்.

வீடும் கோயிலும்

வீட்டு விடயங்கள் அதிகம் சொல்லத் தேவையில்லை. நுளம்புத்திரி, சாம்பிராணி, விறகுப் புகை, முகப் பவுடர் நான்கும் அவன் இருக்கும் அறைக்கு வேண்டாம். வலை கட்டுங்கள். கிணற்றடியில் தலையோடு தண்ணீர் வார்க்காமல் இடுப்பளவில் குளிப்பாட்டுங்கள். அப்பம்மா நாவூறுக்குப் பயந்து ரியூபைச் சால்வையால் மூடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலியும் இருக்கிறதாம். இரண்டும் கழன்று வரட்டும். பஞ்சாயுதத்தை இடுப்பிலோ கையிலோ கட்டலாமே. கழுத்தில் இருக்கவேண்டியது ரியூப் நாடா ஒன்றுதான், உங்கள் ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில்.

வல்லிபுரத்தைப் பற்றி. அந்த மணல், கடற்காற்று, சனம், கற்பூரப் புகை, கடைசியில் கடல். ரியூப் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடத்தை யோசிக்க எனக்குத் தெரியவில்லை. ரியூபுக்குள் போகும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். நேர்த்தியை இந்த வருடம் நீங்கள் போய்ச் செய்யுங்கள். அல்லது ரியூப் எடுத்துத் துளையும் மூடிய பிறகு வருகிறோம் என்று தள்ளிவையுங்கள். நீண்ட காலம் ரியூப் இருந்த துளை சில பிள்ளைகளில் தானாக மூடாது, பிறகு தைத்து மூடவேண்டிவரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தீர்த்தத்துக்குப் போனால் பிள்ளையோடு யார் நிற்பது? கடிதம் முழுக்கப் பார்த்தேன், சக்சன் எடுக்கவும் ரியூப் மாற்றவும் தெரிந்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். மூன்று வருடமாக ஒரு இரவாவது முழுதாக நித்திரை கொண்டீர்களா தெரியவில்லை. ரியூபை விரலால் மூடிப் பார்க்கும் அளவுக்குத் துணிவுள்ள உங்கள் கணவருக்கு அதை மாற்றப் பழகுவது கடினமாக இராது. இந்தக் கிழமை கிளினிக்குக்கு அவரும் வரட்டும். தாதியின் முன்னால் தன் கையால் ஒரு தடவை ரியூப் மாற்றிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.